மலையேறும் பைக், மலைக்க வைக்கும் விலை

செகண்ட் ஹேண்ட் அட்வெஞ்சர் பைக் வாங்குபவர்கள் சிசி-க்கும் பெட்டிகளுக்கும் பணம் கொடுக்கிறார்கள். கற்பாதையில் ஆளைக் காப்பாற்றுவது வேறு சமாச்சாரங்கள்.

அக்டோபர் பிறந்துவிட்டால் டெல்லி கரோல் பாக் பைக் சந்தையின் முகம் மாறிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மணாலி, லே, ஸ்பிதி என்று சுற்றித் திரிந்த வண்டிகள், கணவாய்களில் பனி இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்து நிற்கின்றன. எல்லாம் பளபளவென்று கழுவப்பட்டவை. ஹேண்டிலில் திபெத்தியப் பிரார்த்தனைக் கொடி, பின்னால் அலுமினியப் பெட்டிகள், முன்னால் இரண்டு கூடுதல் விளக்குகள். விற்பவர் முதலில் காட்டுவது வண்டியை அல்ல, கர்துங் லா பலகைக்கு அருகே எடுத்த புகைப்படத்தை. வாங்க வந்தவருக்கு அது வண்டியின் தகுதிச் சான்றிதழாகத் தெரிகிறது. அனுபவசாலிக்கோ அது வண்டி பட்ட பாட்டின் சாட்சி.

தார்ச் சாலையிலும் ஓட வேண்டும், ஆற்றுப் படுகையிலும் இறங்க வேண்டும் என்று தயாரிக்கப்படும் இந்த ரக வண்டிகளுக்கு மேல்நாட்டில் ‘டூயல் ஸ்போர்ட்’ என்று பெயர். இந்தியாவில் எல்லாமே ‘அட்வெஞ்சர் பைக்’தான். இங்கே இதன் வரலாறு நீளமானதல்ல. 2011-ல் ஹீரோ நிறுவனம் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியைக் கொண்டுவந்தபோது சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. தயாரிப்பு நின்றுபோன பிறகுதான் ஆர்வலர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். 2016 மார்ச்சில் சென்னையிலிருந்து ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் ரூ. 1.55 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. 2018-ல் ஓசூரில் தயாராகும் பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ், 2019-ல் ரூ. 97,000-க்கு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020 ஜனவரியில் ரூ. 2.99 லட்சத்துக்கு கேடிஎம் 390 அட்வெஞ்சர். இந்த நான்கும்தான் இன்றைய செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் கைமாறுகின்றன. சில வண்டிகள் மூன்றாவது, நான்காவது உரிமையாளரைப் பார்த்துவிட்டன.

கையில் சுமார் ஒன்றரை லட்ச ரூபாயுடன் இந்தச் சந்தைக்குள் நுழைபவருக்குக் குழப்பம் நிச்சயம். நிறைய ஓடிய ஹிமாலயன், அதிகம் ஓடாத எக்ஸ்பல்ஸ், அடிபட்டுத் தேறிய ஜி 310 ஜிஎஸ் என்று எல்லாமே அந்தப் பணத்துக்குக் கண்ணில் படும். (அதே விலையில் 390 அட்வெஞ்சர் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுவது நல்லது.) எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் செய்வது, பணத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய இன்ஜினை வாங்குவது. பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகம் போக அந்தக் கணக்கு சரி. மலைக்கு அது அரைக் கணக்கு.

சில எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். 390 அட்வெஞ்சரின் இன்ஜின் 43 குதிரைச் சக்திக்கு மேல் தரும். 411 சிசி ஹிமாலயன் தருவது சுமார் 24. எக்ஸ்பல்ஸ் வெறும் 18. புது வண்டியின் விலையில் முதலிடமும் கடைசி இடமும் இதே வரிசைதான். ஆனால் கல்லும் பள்ளமும் வரும்போது வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்கி எழும் என்பது, முன்சக்கரத்தின் அளவு, எடை ஆகியவைதான் பேசும். ஹிமாலயனின் முன் ஃபோர்க் 200 மில்லிமீட்டர் அமுங்கும், எக்ஸ்பல்ஸில் 190, கேடிஎம்மில் 170. முதல் இரண்டிலும் தரை இடைவெளி 220 மில்லிமீட்டர், முன்சக்கரம் 21 அங்குலம். கேடிஎம்மில் 200 மில்லிமீட்டர், 19 அங்குலம். அதிலும் ஆரம்ப வண்டிகளுக்கு அலாய் சக்கரம். கல்லில் மோதினால் கம்பிச் சக்கரம் வளையும், நிமிர்த்தலாம். அலாய் விரிசல் கண்டால் மாற்றத்தான் வேண்டும். கம்பிச் சக்கர 390 அட்வெஞ்சர் 2023-ல்தான் வந்தது.

எடைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஷோரூமில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. எக்ஸ்பல்ஸ் ஏறக்குறைய 154 கிலோ. பிஎஸ்-6 ஹிமாலயன் 199 கிலோ. இடையே 45 கிலோ, அதாவது ஒரு சிமென்ட் மூட்டைக்குச் சற்றே குறைவு. மோரே சமவெளியின் மணலிலோ ஸ்பிதியின் ஓடைக் கடப்பிலோ வண்டி சாய்வது அதிசயம் அல்ல, அன்றாடம். பதினைந்தாயிரம் அடி உயரத்தில், மூச்சு முட்டும் இடத்தில், தனியாக நின்று அந்த வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டியவருக்கு அந்த 45 கிலோவின் விலை தெரியும். சந்தையில் அதற்கு யாரும் விலை போடுவதில்லை. இலகுவான வண்டிதான் மலிவாகவும் கிடைக்கிறது.

இருக்கை உயரமும் அப்படியே. ஹிமாலயனில் 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸில் 823, கேடிஎம்மில் 855. எக்ஸ்பல்ஸின் போட்டி ரக சஸ்பென்ஷன் போட்ட வண்டி என்றால் 891-க்குப் போய்விடும். நம்மூர் சராசரி உயரக்காரர் அதில் உட்கார்ந்தால் ஒரு கால் நுனிவிரல்தான் தரையைத் தொடும். புகைப்படத்துக்கு அழகு. சரிந்த கற்பாதையில் திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் வண்டியோடு ஆளும் கீழே. முந்தைய உரிமையாளர் பணம் செலவழித்து உயர்த்திய சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் விலை கேட்கப்படும்போது, அது தன் காலுக்கு எட்டுமா என்று பார்த்துவிட்டே பேரம் பேச வேண்டும்.

அதற்காகப் பெரிய இன்ஜினே வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. டெல்லியிலிருந்து மணாலிவரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை. அதில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் எக்ஸ்பல்ஸ் மூச்சிரைக்கும். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பைகள் என்றால் ஏற்றத்தில் இரண்டாவது கியர்தான் துணை. உயரம் போகப் போக நிலைமை இன்னும் மோசம். 17,500 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. இன்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சுருங்குகிறது. 18 குதிரையில் பாதி போனால் இருவரைச் சுமந்து ஏறுவது வண்டிக்கும் தண்டனை, ஆட்களுக்கும் தண்டனை. ஜோடியாகச் சாமான்களுடன் போகிறவருக்கு ஹிமாலயனே பொருத்தம். தனி ஆள், தார் முடிந்த பிறகுதான் பயணமே தொடங்குகிறது என்று நினைப்பவர் என்றால் எக்ஸ்பல்ஸ். வாரக் கடைசியில் நெடுஞ்சாலையில் பறந்து, எப்போதாவது மண் சாலையில் இறங்குபவருக்கு கேடிஎம்.

நான்காவது ரகமும் உண்டு: தாரை விட்டு இறங்கவே போகாதவர். அவருக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. எல்லைச் சாலைகள் அமைப்பு மணாலி-லே பாதையின் பெரும்பகுதியைத் தாரிட்டுவிட்டது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயின் சேற்றிலிருந்து பயணிகளுக்கு விடுதலை கொடுத்துவிட்டது. ஸ்கூட்டரிலேயே லே போய் வந்தவர்கள் உண்டு. நல்ல நிலையில் உள்ள சாதாரண 150 சிசி வண்டி, களைத்துப்போன அட்வெஞ்சர் பைக்கைவிட அங்கே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஒரே மாடல் என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு திறன் மாறுகிறது. விலை வித்தியாசம் அதைச் சரியாகச் சொல்வதில்லை. 2016 ஹிமாலயனில் கார்புரேட்டர். உயரத்தில் காற்று குறையும்போது அதுவாகப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. கருப்புப் புகை விட்டுத் திணறும். 2017-ல் வந்த பிஎஸ்-4 வண்டியில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். சக்தி இழப்பை அதனாலும் தடுக்க முடியாது என்றாலும், கலவையைச் சரிசெய்துகொண்டு சீராக ஓடும். 2018-ல் ஏபிஎஸ் பிரேக் சேர்ந்தது. 2020 பிஎஸ்-6 மாடலில் மண் பாதைக்காகப் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி வந்தது. எக்ஸ்பல்ஸிலும் 2019 வண்டிகளில் கார்புரேட்டர் ரகம், இன்ஜெக்ஷன் ரகம் என்று இரண்டும் உண்டு. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

இங்கேதான் கணக்குப் போடத் தெரிய வேண்டும். 2017 ஹிமாலயன் ஒன்று ரூ. 1.30 லட்சம், 2020 ஹிமாலயன் ரூ. 1.55 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 25,000. பழைய வண்டிக்கு ஒரு ஜோடி டயர், செயின் ஸ்பிராக்கெட், ஃபோர்க் ஆயில் சீல், ஹேண்டில் பேரிங், கிளட்ச் பிளேட் என்று மெக்கானிக் பட்டியல் எழுதத் தொடங்கினால் அந்த 25,000-ல் பெரும் பகுதி கரைந்துவிடும். எல்லாம் மாற்றிய பிறகும் ஏபிஎஸ் வராது. கேட்ட விலையோடு, வண்டியை மறுபடி மலைக்குத் தகுதியாக்க ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ‘மலிவான’ வண்டிகள் பல காணாமல் போய்விடும்.

புது வண்டியின் விலை நிலையாக இருப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். 2018-ல் ரூ. 3.49 லட்சத்துக்கு விற்ற ஜி 310 ஜிஎஸ், 2020 அக்டோபரில் பிஎஸ்-6 வடிவத்தில் ரூ. 2.85 லட்சத்துக்கு வந்தது. முதலில் வாங்கியவர்களின் மறுவிற்பனை மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. 2025-ல் இந்திய விற்பனையே நிறுத்தப்பட்டது. உதிரிபாகம் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பதையும் வாங்குபவர் இனி விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்தது 40 ஆனது. சில நிறுவனங்கள் கொஞ்ச காலம் அந்தச் சுமையைத் தாங்களே ஏற்றன. விளைவு? புது எக்ஸ்பல்ஸின் விலை குறைந்தது; பழைய எக்ஸ்பல்ஸை விற்பவரோ, தான் பழைய வரியில் வாங்கிய பில்லை நீட்டித்தான் இன்னும் பேசுகிறார். வாங்கப் போகிறவர் அன்றைய புது வண்டியின் ஆன்-ரோடு விலையை விசாரித்துக்கொண்டு போனால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

ஹிமாலயனில் இதற்கு நேர்மாறு. 2023 நவம்பரில் 452 சிசி, 40 குதிரைச் சக்தியுடன் புதிய ஹிமாலயன் ரூ. 2.69 லட்சம் தொடக்க விலையில் வந்தபோது பழைய 411-ன் கதை முடிந்தது. அதன் விலை சரிந்திருக்க வேண்டும். ஆனால் புதியது எட்டாத உயரத்தில் இருப்பதால், எளிமையான பழைய இன்ஜினுக்கு, ரோட்டோர மெக்கானிக்கும் பிரித்துப் போடக்கூடியதற்கு, ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். விற்பவர்களுக்கு இது தெரியும்.

இனி வண்டியைத் தொட்டுப் பார்ப்பது. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே உசுப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். டேங்கையும் பக்கவாட்டு மூடிகளையும் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாம். இன்ஜினுக்குக் கீழே உள்ள பாதுகாப்புத் தகட்டில் விழுந்த சொட்டைகளை யாரும் நிமிர்த்துவதில்லை. தகடு லேசாகக் கீறியிருந்தால் பரவாயில்லை. உள்வாங்கியிருந்தால் அதற்கு மேலே இருப்பது இன்ஜின். லக்கேஜ் பெட்டிகள் தொங்கிய இடத்தில், பின்பக்க ஃப்ரேம் வெல்டிங்கில் மயிரிழை விரிசலோ, அங்கே மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு தெரியக் கூடாது. தெரிந்தால் சீல் போய்விட்டது; அது சிறு செலவு. குழாயிலேயே துருப் புள்ளிகள் விழுந்திருந்தால் போடுகிற ஒவ்வொரு புது சீலையும் அது தின்றுகொண்டே இருக்கும்; அது பெரும் செலவு. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் ‘டக்’கென்று நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. முதல் தலைமுறை ஹிமாலயன்களில் இது பரவலாகப் பேசப்பட்ட குறை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ரிம்மின் ஓரத்தைப் பார்த்தால் வளைவு தெரியும். ஒரு சிறு ஸ்பானரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால், தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாக ஒலிக்கும். பின்சக்கரப் பல்சக்கரத்தின் பற்கள் சுறாமீன் துடுப்புபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 3219 என்றால் 2019-ன் 32-வது வாரத்தில் தயாரானது. ‘போன மாதம்தான் டயர் மாற்றினேன்’ என்ற பேச்சை அந்த எண்கள் அங்கேயே தீர்த்துவைக்கும்.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்புவது அப்பாவித்தனம். மீட்டரையே மாற்றிவிடலாம். மாற்றாவிட்டாலும், பெங்களூரில் அலுவலகத்துக்கு ஓடிய 40,000 கிலோமீட்டரும், மணாலிக்கு மேலே வாடகைக்கு ஓடிய 15,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் அதிக வயதான வண்டி. வாடகை பைக்குகளுக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பிறகு பலகை வெள்ளையாகிவிடும். ஆனால் பழைய பதிவு விவரங்களைக் கேட்டு வாங்கினால் கதை வெளியே வரும். வாடகை வண்டி என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. சர்வீஸ் ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். விலை மட்டும் அதற்குத் தக்கபடி இறங்க வேண்டும்.

பெட்டி, விளக்கு, கிராஷ் கார்டு என்று முப்பதாயிரத்துக்குச் சாமான் போட்டிருக்கிறேன் என்பது விற்பவர்களின் நிரந்தர வாதம். அந்தப் பணம் அவர் ஆசைக்குச் செலவானது. கழற்றி எடுத்துக்கொண்டு வண்டியின் விலையைக் குறைக்கச் சொன்னால் பலர் உடனே சம்மதிப்பதில்லை. பெட்டிகள் தனியாக எவ்வளவுக்குப் போகும் என்பது அவர்களுக்கும் தெரியும். தவிர, ஒழுங்கில்லாமல் இழுத்த கூடுதல் விளக்கின் ஒயரிங், நடுவழியில் வண்டி இருண்டுபோவதற்கு நல்ல காரணம்.

காகிதங்களில் அசட்டையாக இருந்தால் திறன், விலை எல்லாம் வீண். வாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் உண்டா, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலம் என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. டெல்லி வண்டியைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். டெல்லியில் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது தனி யாத்திரை. அந்த வரியையும் சேர்த்தால், டெல்லியில் இருபதாயிரம் மலிவாகக் கிடைத்த வண்டி பெங்களூரில் மலிவாக இருக்காது.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்து, ‘பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று புரோக்கர்கள் வண்டியை அனுப்பிவைப்பது சாதாரணம். விற்பவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, வண்டி இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும். வாங்கியவருக்கு வேறு விதத் தலைவலி: இன்ஷூரன்ஸைப் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்காவிட்டால், வண்டி சேதமானால் பணம் கிடைப்பது சந்தேகம்.

லடாக் போகிறவர்களுக்கு இது உடனடிப் பிரச்சினை. வெளியூர் வாடகை பைக்குகளை லே-யைச் சுற்றியுள்ள நுப்ரா, பாங்காங் பாதைகளில் உள்ளூர் வாடகை வண்டிக்காரர்கள் அனுமதிப்பதில்லை. சொந்த வண்டிக்குத் தடையில்லை என்பதால்தான் பலர் செகண்ட் ஹேண்டாவது வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே வழிமறிப்பவர்கள் கேட்பது ஆர்.சி.யை. அதில் கரோல் பாக்கில் விற்றவரின் பெயரே இருந்தால், சொந்தக் காசில் வாங்கிய வண்டியும் வாடகை வண்டியாகிவிடும்.